சித்திரை மாதத்து இரண்டு மாலைகள்

"2009 ஏப்ரல் 26, ஞாயிறு. மேற்கே மேகம். பிறை தெரியவில்லை. மஃரிபுக்குப் பிறகு தூறல். வெளியே கிடந்த சிமெண்டு மூட்டைகள் நனைந்தன."

என்னுடைய பிறைக் குறிப்பில் அந்த நாளுக்கு இவ்வளவுதான் இருக்கிறது. மறுநாள் திங்கட்கிழமைக்கு இன்னும் சுருக்கம்: "பிறை தெரிந்தது. கிருஷ்ணகிரியில் நகைக்கடைக் கூட்டம், பஸ் தாமதம்." எழுதியபோது எனக்கு இரண்டுமே சாதாரண நாட்கள். சிமெண்டு நனைந்ததற்காக மட்டும் கொஞ்சம் வருத்தப்பட்டிருப்பேன். கடந்த சில மாதங்களில் இந்த இரண்டு குறிப்புகளையும் பலமுறை எடுத்துப் படித்துவிட்டேன். அவற்றில் இல்லாத ஒன்றை ஒரு பெண் என்னிடம் கேட்டிருந்தார்.

குருபரப்பள்ளியில், கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் போகும் நெடுஞ்சாலையின் சர்வீஸ் ரோட்டில், எனக்குப் பெயிண்டு, சிமெண்டுக் கடை இருக்கிறது. பத்தாம் வகுப்புக் காலத்திலிருந்து மாதந்தோறும் தலைப்பிறை பார்த்து எழுதி வைக்கிறேன். ரமலானுக்கும் பெருநாளுக்கும் ஊரே மாடி ஏறிப் பார்க்கும். மற்ற மாதங்களில் பார்ப்பதற்கு ஆளிருக்காது. சூரியன் மறைந்ததும் மஃரிபு தொழுதுவிட்டுக் கடைக்கு வெளியே வந்து, லாரிகளுக்கு மேலே மேற்கு வானத்தைத் தேடுவேன். பக்கத்துப் பஞ்சர் கடைக்காரர், "பாய், ஏனு நோட்தாயித்தீரா? என்ன பாக்கறீங்க, லாரி கணக்கா?" என்று கன்னடத்தையும் தமிழையும் கலந்து கேலி செய்வார். யாரும் சொல்லி நான் இதைச் செய்யவில்லை. எனக்குத் தேதிகள் பிடிக்கும். ஒரு புத்தகத்தில் ஏதோ சண்டை நடந்ததாகப் படித்தால், அன்று என்ன கிழமை என்று பார்க்காமல் அடுத்த பக்கம் திருப்ப மாட்டேன்.

அந்தப் பெண் என் கடைக்கு முதலில் வந்தது போன ஆண்டு கார்த்திகையில். அவருடைய கணவர் பெயிண்டர், என்னிடம் பல வருடமாகச் சரக்கு எடுப்பவர். எங்கள் பகுதியில் இருக்கும் இலங்கைத் தமிழர் முகாமில் அவர்கள் வீடு. பெயர்ப்பலகையில் இப்போது மறுவாழ்வு முகாம் என்று மாற்றி எழுதிவிட்டார்கள். ஊர்க்காரர்கள் இன்னமும் கேம்ப் என்றுதான் சொல்கிறார்கள்.

"மூடி தொறக்காத டப்பா வேணுங்க," என்றார் அவர்.

"எல்லாமே மூடி தொறக்காததுதாம்மா. நான் என்ன டீக்கடையா வெச்சிருக்கன், கிளாஸ்ல ஊத்திக் குடுக்க?"

அவர் சிரித்தார். பிறகு விவரம் சொன்னார். முகாமில் ஆண்கள் பலருக்குப் பெயிண்டு அடிக்கிற வேலைதான். எங்கெங்கோ வேலை முடிந்ததும் டப்பாவின் அடியில் மிஞ்சுவதை வீட்டுக்குக் கொண்டு வருவார்கள். அதனால் முகாமில் ஒவ்வொரு சுவரும் வேறு யாருடைய வீட்டு நிறத்திலோ இருக்கும்.

"எங்க முன்னறை ஓசூர் டாக்டர் வீடு. சமையக்கட்டு கல்யாண மண்டபம். கதவு மட்டும் பள்ளிக்கூடம்," என்றார். "இப்ப அரசாங்கம் புது வீடு கட்டிக் குடுத்திருக்கு. இதுக்காவது எங்களுக்குன்னு ஒரு நெறம் அடிக்கலாம்னு."

நல்ல கிருஷ்ணகிரித் தமிழ் பேசினார். இங்கே கன்னடம், தெலுங்கு, மதுரைத் தமிழ், தூத்துக்குடித் தமிழ் எல்லாம் பேசுகிறவர்கள் ஒரே கம்பெனி பஸ்ஸில் போகிறார்கள். யார் எங்கிருந்து வந்தவர் என்று பேச்சை வைத்துக் கண்டுபிடிப்பது கடினம். அவர் ஒரு கம்பெனி கேண்டீனில் வேலை பார்க்கிறார். அங்கே யாராவது கேட்டால் ராமேஸ்வரம் பக்கம் என்று சொல்லிவிடுவாராம். படகில் வந்து இறங்கிய இடம் என்ற வகையில் அதில் பொய்யும் இல்லை என்றார்.

நிற அட்டையைப் புரட்டிக்கொண்டிருந்தபோது அவருடைய போன் அடித்தது. எடுத்ததும் வேறு ஆளாகிவிட்டார். "ஓம் அம்மா. கடையில நிக்கிறன். நீங்கள் சாப்பிட்டாச்சோ? பேந்து எடுக்கிறன், வையுங்கோ." போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் எதையும் கவனிக்காதது போல டப்பாவைத் துடைத்தேன்.

"உங்களை நானா எண்டு கூப்பிடலாமோ?" என்று கேட்டார். "எங்கட ஊரில முஸ்லிம் கடைக்காரரை அப்பிடித்தான் கூப்பிடுறது. இஞ்ச எல்லாரும் பாய் எண்டினம். எனக்கு அது வாயில ஒட்டேல்ல."

அவருடைய சொந்த ஊர் முல்லைத்தீவுப் பக்கம். சின்ன வயதில் அவர்கள் வீட்டுக்குச் சீனி, தேயிலை எல்லாம் ஒரு நானாவின் கடையிலிருந்துதான் வந்திருக்கின்றன. தொண்ணூறாம் ஆண்டு வடக்கிலிருந்த முஸ்லிம்கள் எல்லாரையும் வெளியேறச் சொன்னபோது அந்தக் கடையும் பூட்டப்பட்டது. "நாங்கள் வாசலில நிண்டு பாத்தனாங்கள். அப்பா மட்டும் அவையளோட கொஞ்சத் தூரம் நடந்து போனவர்," என்றார். பிறகு கொஞ்ச நேரம் நிறங்களைப் பார்த்தார். கடைசியில் வெளிர் மஞ்சளை எடுத்தார்.

அன்று மாலை தலைப்பிறை. நான் வெளியே போய் வானத்தைப் பார்த்ததையும் உள்ளே வந்து எழுதியதையும் அவர் கவனித்திருக்கிறார். அடுத்த வாரம் பெயிண்டு வாங்க எதுவும் இல்லாமல் வந்து, நேராகக் கேட்டார்.

"நானா, ஒரு நாள் பின்னேரம் நிலா எப்பிடி இருந்தது எண்டு தெரிஞ்சா, அது எந்த நாள் எண்டு சொல்ல ஏலுமோ?"

"வருசமும் மாசமும் தெரிஞ்சா ஓரளவுக்குச் சொல்லலாம் தங்கச்சி. எதுக்கு?"

"எங்கட அப்பாவுக்கு நாள் இல்லை."

அவர் சொன்னதை இங்கே வரிசைப்படுத்தி எழுதுகிறேன். அவரும் கணவரும் கைக்குழந்தையாக இருந்த மகனோடு படகேறி வந்துவிட்டார்கள். மாடுகளை விட்டுவிட்டு வரமாட்டேன் என்று அப்பா நின்றுவிட்டார். அப்பாவை விட்டு வரமாட்டேன் என்று அம்மாவும் நின்றுவிட்டார். போரின் கடைசி மாதங்களில் இருவரும் சனத்தோடு சனமாகக் கடற்கரைக்குத் தள்ளப்பட்டார்கள். அம்மாவுக்குக் காலில் காயம். காயக்காரர்களை ஏற்றுகிற கப்பலில் அவரை ஏற்றினார்கள், அப்பாவுக்கு இடமில்லை. அம்மா திருகோணமலையில் இறங்கினார். அப்பா கரையில் நின்றதுதான் அவர் கடைசியாகப் பார்த்தது. அம்மா இப்போது வவுனியாவில் ஒரு உறவினர் வீட்டில் இருக்கிறார். கணவர் இறந்துவிட்டதாக இதுவரை யாரும் ஒரு நாளைக் குறிப்பிட்டுச் சொல்லாததால் பொட்டு வைத்துக்கொண்டுதான் இருக்கிறார்.

"கேம்பில எல்லாருக்கும் ஆரோ ஒராளுக்குத் திவசம் இருக்கும்," என்றார் அவர். "இந்த மாசம் இன்னார் வீட்டில, அடுத்த மாசம் அவையள் வீட்டில. எல்லா வீட்டிலயும் போய் இருந்து சாப்பிட்டு வாறன். எங்கட வீட்டில மட்டும் ஒரு நாளும் இலை போடேல்ல."

ஆடி அமாவாசையன்று அப்பா இல்லாதவர்கள் விரதம் இருப்பது அவர்கள் வழக்கம். அதையும் அவர் இருந்ததில்லை. இருந்தால் அம்மாவுக்குத் தெரிந்துவிடும் என்று பயம். நாள் தெரியாதவர்களுக்குப் பொதுவாக ஒரு அமாவாசை போதும் என்று இங்கே ஒரு ஐயர் சொன்னாராம். "பொதுவா வேண்டாம் நானா," என்றார். "அவர் செத்தது பொதுவா இல்லையே."

நாள் தேட இப்போது ஒரு வழி கிடைத்திருந்தது. யாரோ அனுப்பிய கல்யாண வீடியோவில், பந்தியில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணை இவர் அடையாளம் கண்டிருக்கிறார். ஊரில் அடுத்த வீட்டுக்காரர். அவர் கடைசி வரைக்கும் அந்தக் கடற்கரையில் இருந்தவர். எண் தேடிப் பிடித்துப் பேசியபோது, அப்பாவைத் தான்தான் இன்னும் இரண்டு பேரோடு சேர்ந்து அடக்கம் செய்ததாகச் சொல்லிவிட்டார். தேதி தெரியாது, கிழமை தெரியாது. நிலா மட்டும் நினைவிருக்கிறதாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், கூட்டமில்லாத நேரம், கடையில் வைத்தே அந்த அடுத்த வீட்டு அம்மாவுக்குப் போன் போட்டோம். இவர் ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பெயிண்டு டப்பாவின் மேல் போனை வைத்தார்.

"நிலா எந்தப் பக்கம் இருந்திச்சும்மா?" என்று நான் கேட்டேன். "கடல் பக்கமா, எதிர்ப்பக்கமா?"

"கடல் பக்கம் இல்லை ஐயா. களப்புப் பக்கம்."

அங்கே கடல் கிழக்கு, களப்பு என்கிற உப்பங்கழி மேற்கு. ஆக, விடியற்கால நிலா இல்லை, மாலைப் பிறைதான்.

"எவ்வளவு பெருசு?"

"தேங்காய்ச் சொட்டில மெல்லிசாக் கீறி எடுத்த மாதிரி. மூண்டாம் பிறையாக்கும் எண்டு கும்பிடப் போனன். பேந்துதான் என்ர கையைப் பாத்தன், முழுக்க மண்."

"முந்தின நாள் பார்த்தீங்களா?"

"முதல் நாள் முழுக்கப் பங்கருக்குள்ள ஐயா. வானத்தை ஆர் பாத்தது?"

"அடக்கம் பண்ணி முடிக்கறப்ப நிலா இருந்திச்சா?"

"இல்லை. இருட்டாப் போச்சுது."

"எவ்வளவு நேரம் ஆச்சு?"

"தெரியாது ஐயா. கையாலயும் ஒரு தட்டாலயும் தோண்டினது. சத்தம் வந்தா அதுக்குள்ளயே படுத்திடுவம். பேந்து எழும்பித் தோண்டுவம்." பிறகு இவரிடம் அப்பாவைப் பற்றிப் பேசினார். "பிள்ளை, கொப்பர் அண்டைக்குக் கஞ்சி குடிச்சவர். நான்தான் குடுத்தனான். அதைக் கொம்மாவுக்குச் சொல்லு."

இவர் "ஓம் அக்கா, சொல்லுறன்" என்றார். போனை அணைத்த பிறகும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவருக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு, உள்ளே போய்ப் பழைய குறிப்பையும் அந்த ஆண்டுப் பஞ்சாங்கத்தையும் எடுத்து வந்தேன்.

மாதத்தைக் கண்டுபிடிப்பது கடினமாக இல்லை. சனத்தில் பெரும்பகுதி களப்பைக் கடந்து அந்தப் பக்கம் போய்விட்ட பிறகுதான் அப்பா இறந்தார் என்று அடுத்த வீட்டு அம்மா உறுதியாகச் சொன்னார். அது ஏப்ரல் மூன்றாம் வாரம். போர் முடிந்தது மே நடுவில். இடையில் ஒரே ஒரு அமாவாசை, எனவே ஒரே ஒரு இளம்பிறை. சித்திரை அமாவாசை சனிக்கிழமை காலையோடு முடிகிறது. அன்று மாலை பிறை தெரிய வாய்ப்பில்லை. செவ்வாய்க்கிழமைக்குள் அது தேங்காய்க் கீற்றைவிடத் தடித்திருக்கும். மிச்சம் இருப்பவை இரண்டு மாலைகள்: ஞாயிறு, திதி துவிதியை. திங்கள், திதி திருதியை.

ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். எழுதும்போது ஒரு தவறு செய்தேன். எங்களுக்கு நாள் சூரியன் மறைந்ததும் தொடங்கிவிடும். ஞாயிறு மாலை எங்கள் கணக்கில் திங்கட்கிழமையைச் சேர்ந்தது. பழக்கத்தில் ஞாயிறு மாலைக்கு நேரே திங்கள் என்றும், திங்கள் மாலைக்கு நேரே செவ்வாய் என்றும் எழுதிவிட்டேன். அவர் பஞ்சாங்கத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துக் கண்டுபிடித்தார்.

"நானா, எங்கட அப்பாவை உங்கட பள்ளிவாசலில சேத்திட்டீங்கள்," என்றார். அன்று அவர் சிரித்தது அந்த ஒரு முறைதான்.

அடித்துத் திருத்தினேன். திருத்தும்போது திங்கட்கிழமைக் குறிப்பு கண்ணில் பட்டது. நகைக்கடைக் கூட்டம். சித்திரை வளர்பிறைத் திருதியை என்றால் அட்சய திருதியை. அன்று குண்டுமணி அளவாவது தங்கம் வாங்கினால் பெருகும் என்று கிருஷ்ணகிரியிலும் ஓசூரிலும் காலையிலேயே வரிசையில் நிற்பார்கள். இதைச் சொல்வதா வேண்டாமா என்று ஒரு கணம் தயங்கினேன். பிறகு, பஞ்சாங்கத்தில் அச்சடித்து வைத்திருப்பதை மறைக்கக் கூடாது என்று நினைத்துச் சொல்லிவிட்டேன்.

அவர் முகம் மாறியது.

"அண்டைக்கு நான் வரிசையில நிண்டனான்," என்றார்.

அந்த ஆண்டு அவருக்கு இங்கே ஒரு மகள் பிறந்திருந்தாள். வேலைக்குப் போன வீட்டு அம்மா, இந்த நாளில் பெண் குழந்தைக்குத் தோடு வாங்கு, ராசி என்று சொல்லியிருக்கிறார். முகாமிலிருந்து இன்னும் இரண்டு பெண்களோடு பஸ் ஏறிக் கிருஷ்ணகிரிக்குப் போய், வெயிலில் நின்று, கடையில் கொடுத்த ரோஸ்மில்க்கைக் குடித்து, ஒரு சின்னத் தோடு வாங்கி, சிரித்துப் பேசிக்கொண்டே திரும்பியிருக்கிறார்.

"ரோஸ்மில்க் குடிச்சனான் நானா," என்றார் மறுபடியும். "நல்லா இருக்கு எண்டு இன்னொண்டும் கேட்டு வாங்கிக் குடிச்சனான்."

அவர் தாளை என் பக்கம் தள்ளினார்.

"ஞாயிறு எண்டு சொல்லுங்கோ."

"தங்கச்சி, ரெண்டுல எதுன்னு எனக்குத் தெரியாது."

"தெரியாது எண்டா எதைச் சொன்னாலும் ஒண்டுதானே? நீங்கள் படிச்ச ஆள். நீங்கள் சொன்னா நான் நம்பிடுவன். ஞாயிறு எண்டு ஒரு சொல்லுச் சொல்லுங்கோ, போதும்."

என்னால் சொல்ல முடியவில்லை. முழுக்க நேர்மை என்று அதற்குப் பெயர் வைக்க மாட்டேன். நாற்பது வருடமாகத் தெரியாத இடத்தில் தெரியாது என்றே எழுதிப் பழகிய கை, வேறு மாதிரி எழுத வரவில்லை. இன்னும் பார்க்கிறேன், விசாரிக்கிறேன் என்றேன். அவர் தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

வீட்டில் சொன்னபோது என் மனைவிக்குக் கோபம்.

"ஞாயிறுன்னு சொல்லிட்டாத்தான் என்னங்க? வானமா இடிஞ்சு விழுந்துடும்?"

"தப்பா இருந்தா?"

"யாருக்குத் தப்பு? அந்த மனுசன் வந்து கேக்கப் போறாரா? பொம்பளைக்கு ராத்திரி தூக்கம் வரணும். அதப் பாக்காம கணக்கப் பாக்குறீங்க."

எங்கள் மாவட்டத்தில் வயல் வரப்புகளிலும் ஏரிக்கரைகளிலும் நடுகற்கள் நிறைய உண்டு. மாடு கவர வந்தவர்களோடு சண்டையிட்டுச் செத்தவனுக்குக் கல் வைத்து, எந்த அரசன் ஆண்ட எத்தனையாவது ஆண்டு என்று வெட்டி வைத்திருக்கிறார்கள். அவற்றைத் தேடிப் போய்ப் படிப்பது என் விடுமுறை வேலைகளில் ஒன்று. பெயரே தெரியாத ஊரில் ஆயிரம் ஆண்டுக்கு முன் மாட்டுக்காகச் செத்தவனுக்கு ஒரு ஆண்டு இருக்கிறது. இந்தப் பெண்ணின் அப்பாவும் மாடுகளுக்காகத்தான் தங்கினார். அவர் செத்தது ரேடியோவும் டிவியும் செயற்கைக்கோளும் இருந்த காலத்தில்.

விசாரிப்பதற்கு எனக்கு ஒரு இடம்தான் தோன்றியது. வடக்கிலிருந்து தொண்ணூறில் வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் பலர் புத்தளத்தில் குடியேறினார்கள். அங்கே ஒரு பள்ளிவாசலில் என்னைப் போல மாதந்தோறும் பிறைக் குறிப்பு எழுதுகிறவர் ஒருவர் இருப்பதாக ஒரு நண்பர் மூலம் கேள்விப்பட்டிருந்தேன். அவருக்குக் கடிதம் எழுதினேன். அந்த ஞாயிறு மாலை உங்கள் பக்கம் வானம் எப்படி இருந்தது, முல்லைத்தீவுப் பக்கமிருந்து ஏதாவது தகவல் வந்ததா என்று கேட்டிருந்தேன்.

தபாலில் சேர்த்துவிட்டுத் திரும்பும் வழியில்தான் முழுதாக யோசித்தேன். அங்கே ஞாயிறு மாலை மேகம் என்று பதில் வந்தால், அடுத்த வீட்டு அம்மா பார்த்தது திங்கட்கிழமைப் பிறை என்று கிட்டத்தட்ட முடிவாகிவிடும். வானம் தெளிவாக இருந்தது என்று வந்தால் எதுவும் முடிவாகாது, இரண்டு நாட்களும் அப்படியே நிற்கும். அந்தக் கடிதத்துக்கு அந்தப் பெண் விரும்பும் பதில் வர வழியே இல்லை.

இதற்குள் பங்குனி வந்துவிட்டது. சித்திரையில் திவசத்துக்காக ராமேஸ்வரம் போய்ச் சில நாள் தங்க அவர் அனுமதி கேட்டிருந்தார். அப்பா கிடக்கிற கரையும் ராமேஸ்வரமும் ஒரே கடல்தானே என்பது அவர் கணக்கு. முகாமில் இருப்பவர்கள் வெளியூரில் தங்க வேண்டுமானால் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும். ஆள் சரிபார்க்கும் நாளில் நேரில் நிற்க வேண்டும். அந்த வாரத்திலேயே சரிபார்ப்பும் வந்தது. ஒரு நாளுக்கு மேல் முடியாது என்றுவிட்டார்கள். ஒரு நாள் என்றால் எந்த நாள் என்று முடிவு செய்தாக வேண்டும்.

"ஊருக்கே ஒருக்காப் போயிட்டு வரலாமே தங்கச்சி, அம்மாவையும் பார்த்த மாதிரி இருக்கும்," என்று நான் ஒரு நாள் யோசிக்காமல் சொல்லிவிட்டேன்.

"போகலாம் நானா. வர ஏலாது," என்றார் அவர். அவரிடம் பாஸ்போர்ட் இல்லை. போவதற்கு மட்டுமான ஒருவழிப் பயணத் தாள்தான் தருவார்கள். மகன் இங்கே கம்பெனி வேலையில் இருக்கிறான், அங்கே அவனுக்கு ஒருவரையும் தெரியாது. இங்கே பிறந்த மகள் அந்த மண்ணைப் பார்த்ததே இல்லை, இந்த நாட்டுக் குடிமகளும் இல்லை. "அவளுக்குக் கிருஷ்ணகிரி மாம்பழம் மட்டும்தான் மாம்பழம். எங்கட கறுத்தக் கொழும்பான் எண்டா சிரிக்கிறாள்," என்றார்.

சித்திரை பிறந்ததும் அவர் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட முடிவு செய்தார். தனியாகச் சொல்லப் பயமாக இருக்கிறது, நீங்களும் அண்ணியும் கூட இருங்கள் என்று என் மனைவியையும் சேர்த்துக் கேட்டுக்கொண்டார். எங்கள் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து வீடியோ போட்டார். திரையில் வெள்ளைத் தலையும் பெரிய குங்குமப் பொட்டுமாக அந்த அம்மா வந்தார்.

மகள் அடுத்த வீட்டு அம்மா சொன்னதை முதலில் சொன்னார். பிறகு நிலாவை, இரண்டு மாலைகளை. கடைசியில் நகைக்கடை வரிசையை. தோடு வாங்கியதைச் சொன்னபோது குரல் உடைந்துவிட்டது.

"கஞ்சி குடிச்சவரோ?" என்று கேட்டார் அந்த அம்மா.

"ஓம் அம்மா. அக்காதான் குடுத்தவ."

"உப்புப் போட்டதோ?"

"அது கேக்கேல்ல."

"உப்பில்லாமக் குடிக்க மாட்டார்." கொஞ்ச நேரம் வேறு பக்கம் பார்த்தார். "தோடு இருக்கோ இப்ப?"

"இருக்கு. பிள்ளை போட்டிருக்கிறாள்."

"பேந்து என்னத்துக்கு அழுகிறாய்? பேத்திக்குத் தோடு போட்டதுக்குக் கோவிக்கிற மனிசனோ அவர்? நீ ரெண்டு நாளும் படை பிள்ளை. ஒரு நாள் எண்டு என்ன கணக்கு? எத்தினை வருசமாப் பட்டினி கிடக்கிறார்."

"ரெண்டு நாளும் படைக்கலாமோ அம்மா? ஐயர் என்ன சொல்லுவாரோ?"

"ஐயருக்கு நான் சொல்லுறன். நம்பரைத் தா."

என் மனைவி முந்தானையால் வாயை மூடிச் சிரித்தாள், கண்ணையும் துடைத்துக்கொண்டாள். அந்த அம்மா திரையில் என்னைத் தேடினார்.

"நானா, நீங்களோ நிலாப் பாக்கிறவர்?"

"ஆமாம்மா."

"ரெண்டில எது எண்டு சரியாத் தெரியாதெண்டுதானே சொன்னனீங்கள்?"

"தெரியலம்மா. விசாரிச்சு எழுதியிருக்கன்."

"ஆறுதலா விசாரியுங்கோ. ஒரு அவசரமும் இல்லை." நெற்றியைத் தொட்டுக்கொண்டார். "இன்ன நாள் எண்டு சரியாத் தெரிஞ்ச பிறகு இதை எடுப்பம். அதுவரைக்கும் இது இருக்கட்டும்."

இந்தச் சித்திரையில், துவிதியை அன்றும் திருதியை அன்றும், வெளிர் மஞ்சள் அடித்த அந்த வீட்டில் இலை போட்டார்கள். ராமேஸ்வரம் போகவில்லை. ஐயரிடம் அந்த அம்மா உண்மையாகவே வவுனியாவிலிருந்து பேசிவிட்டாராம். மகன் ஒரு நாள் ஷிப்ட் மாற்றிக்கொண்டான், மறுநாள் லீவு கிடைக்காமல் அதிகாலையிலேயே கும்பிட்டுவிட்டு வேலைக்குப் போனான். அப்பாவுக்குப் பிடித்தது குரக்கன் பிட்டு. இங்கே ராகி என்கிற அதே தானியம், இந்த ஊரில் களியாகக் கிண்டப்படுவது. மூன்றாம் நாள் அவர் ஒரு தூக்கு நிறையப் பிட்டு கொண்டு வந்தார்.

"படைச்சது இல்லை நானா. உங்களுக்கெண்டு வேறயா அவிச்சனான். நீங்கள் படைச்சது சாப்பிட மாட்டீங்கள் எண்டு தெரியும். ஊரில அந்த நானா வீட்டுக்கும் அம்மா இப்பிடித்தான் வேறயா எடுத்து வைக்கிறவ."

என் மனைவி தேங்காய்ப்பூவோடு ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டு, "நம்ம களி மாவுதானா இது? இவ்வளவு நாளா இத வெச்சுக்கிட்டு உருண்டை பிடிச்சிட்டிருந்தமா?" என்றாள். எப்படிச் செய்வது என்று இருவரும் அடுப்பங்கரைக்குப் போய்விட்டார்கள். அங்கேயிருந்து அவர் பேசிய பேச்சு முழுக்க அவருடைய ஊர்ப் பேச்சாகவே இருந்தது.

இதை எழுதும் நாள் வரை புத்தளத்திலிருந்து பதில் வரவில்லை. கடிதம் போய்ச் சேர்ந்ததா என்றும் தெரியாது. இவ்வளவு நாள் ஆனால் நான் வழக்கமாக நினைவூட்டுக் கடிதம் ஒன்று எழுதுவேன். இதற்கு எழுதவில்லை. 2009 சித்திரையில், ஞாயிற்றுக்கிழமை மாலை, முள்ளிவாய்க்கால் கரையில் வானம் தெளிவாக இருந்ததா, அங்கே பிறை தெரிந்ததா என்பது இன்னும் உறுதி செய்யப்படவில்லை.